அம்மா போட்ட உப்புக்கல்

"டீச்சர், எனக்கு ஒரு வீடியோ வேணும்."

நனைந்த செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றே கேட்டாள் முத்துப்பேச்சி.

"எதைப் பத்தி அக்கா?"

"கிட்னியைப் பத்தி. ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் புரியுற மாதிரி. பொம்மை போட்டிருக்கணும். முக்கியமா, கடைசியில நல்லபடியா முடியணும்."

அமலி டீச்சர் அவளை உள்ளே அழைத்து, துடைக்கத் துண்டு கொடுத்தாள். டீச்சர் என்று ஊர்தான் கூப்பிடுகிறது. பி.எட். முடித்து ஐந்து வருஷமாகியும் வேலை ஆர்டர் வந்தபாடில்லை. முத்துப்பேச்சியைவிட நாலைந்து வயது இளையவள். அடுப்படிச் சாமான்களை வைத்தே பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து, அதை வீடியோவாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். முத்துப்பேச்சி அதில் ஒன்றைக்கூட விட்டதில்லை. இன்றைக்கு முக்கால் மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

"அந்த மாதிரி நிறைய இருக்கே அக்கா. தேடினா வருமே."

"எல்லாத்தையும் பார்த்துட்டேன் டீச்சர். எல்லாத்துலயும் கிட்னி வேலை செய்யுது."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

"மொச்சைக்கொட்டை மாதிரி ரெண்டு பொம்மை. அதுக்குக் கையும் காலும் வேற. ஆளுக்கொரு சல்லடையை வெச்சுக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு ரத்தத்தைச் சலிக்குதுக. நடுவுல பாட்டு. நின்னுபோன கிட்னிக்கு ஒரு பொம்மையும் இல்ல."

சொல்லிவிட்டு முத்துப்பேச்சி சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு கூடவே பிறந்தது. பிரசவ வலியிலும் நர்ஸைச் சிரிக்கவைத்தவள்.

டீச்சர் சிரிக்கவில்லை.

"யாருக்கு அக்கா நின்னுபோச்சு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

பலவேசத்துக்கு உப்பளத்தில் வேலை. ஆடியில் கால் வீங்கியது. வெயிலில் நின்ற வீக்கம் என்றார்கள். ஆவணியில் முகமும் வீங்கியது.

"பிள்ளை என்ன கேக்குறா?"

"ஒண்ணும் கேக்கலை. அதான் ஓடி வந்தேன்." முத்துப்பேச்சி துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "மூச்சுக்கு முந்நூறு கேள்வி கேக்குற பிள்ளை டீச்சர் எங்க சந்தனமாரி. இட்லி ஏன் உப்புது, நிழல் ஏன் குட்டையாகுது, ஈ ஏன் கையைத் தேய்க்குது... நான் படிச்ச பள்ளிக்கூடத்துல சோதனைக் குழாயைப் பீரோ கண்ணாடிக்கு வெளிய நின்னுதான் பார்த்திருக்கேன். உங்க வீடியோவைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்குப் பதில் சொல்லுவேன். இப்பப் பத்துப் பதினோரு நாளா வாயே திறக்க மாட்டேங்கா. 'தை பிறந்து அளம் திறக்கட்டும், அப்பா வேலைக்குப் போயிருவாருட்டி'ன்னேன். என் மூஞ்சியையே பார்த்தா. எந்திரிச்சுப் போயிட்டா."

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

முத்துப்பேச்சி தரையைப் பார்த்தாள்.

"உங்க உப்புக்கல் வீடியோ."

கொதிக்கிற தண்ணீரில் கரைகிற மட்டும் உப்பைப் போட வேண்டும். பாட்டிலில் ஊற்றி, ஒரு நூலைத் தொங்கவிட வேண்டும். ஐந்து நாளில் நூலைச் சுற்றிக் கல் விளையும்.

சந்தனமாரி பாட்டிலை ஜன்னலில் வைத்துக் காலையும் மாலையும் பார்த்தாள். முதல் நாள் வெறும் நூல். நாலாம் நாளும் வெறும் நூல்.

"ஐப்பசி மழையில எப்படி அக்கா விளையும்? தண்ணி வத்தணுமே. அளத்துக்காரங்களுக்கு நான் சொல்லணுமா?"

"தெரியும் டீச்சர். நாலு தூறல் விழுந்தா அளத்தையே மூடிருவோம். ஆனா உங்க வீடியோவுல நாலு நிமிஷத்துல விளையுதே! படிச்சவங்க செய்முறைக்கு விளையும்போலன்னு நினைச்சுட்டேன்."

"நான் அதை எடுத்தது சித்திரையில."

"நீங்க அதைச் சொல்லலையே."



"ஆமா," என்றாள் டீச்சர். "சொல்லலை."

"பிள்ளை மூஞ்சி வாடிப்போச்சு. அப்பா ஒரு பக்கம் படுத்துக் கிடக்காரு, இதாவது அவளுக்கு நடக்கட்டுமேன்னு, உப்புச்சாடியில பெரிய கல்லாப் பொறுக்கி நூல்ல கட்டி உள்ள விட்டுட்டேன்."

"பார்த்து என்ன சொன்னா?"

"'வந்துருச்சும்மா'ன்னா. அவ்வளவுதான். எனக்காகச் சொல்லியிருக்கான்னு நேத்துத்தான் தெரிஞ்சுது."

முத்துப்பேச்சி பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவர் சுற்றிய நோட்டு ஒன்றை எடுத்தாள். மேலே 'சோதனை நோட்டு' என்று எழுதி, பூப் போட்டிருந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் எடுத்து வந்துவிட்டாள்.

டீச்சர் வாங்கிப் படித்தாள்.

முதல் நாள். நூலில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள். ஒன்றும் இல்லை. மழை.

நான்காம் நாள். ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள். கல் இருக்கிறது. வீடியோவில் நூல் கல்லுக்கு உள்ளே போகிறது. இதில் நூல் வெளியே இருக்கிறது. முடிச்சும் இருக்கிறது. அம்மா போட்டது.

"அடுத்த பக்கம்," என்றாள் முத்துப்பேச்சி.

அடுத்த பக்கத்தின் தலைப்பு: அப்பா.

முதல் நாள். கால் வீங்கி இருக்கிறது. விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. ஐந்து எண்ணியதும் குழி மறைந்தது. அம்மா சரியாகிவிடும் என்றாள்.

நான்காம் நாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். வீக்கம் குறைவு. மூன்று எண்ணினேன்.

ஏழாம் நாள். எட்டு எண்ணினேன். படுத்தால் மூச்சு வாங்குகிறது. அப்பா உட்கார்ந்தே தூங்குகிறார். அம்மா சளி என்றாள்.

பதினோராம் நாள். பதினான்கு எண்ணினேன். அம்மா சிரித்தாள்.

அதற்குமேல் ஒன்றும் இல்லை. கூரைத் தகரத்தில் மழை கொட்டியது.

"டாக்டர் என்ன சொன்னார் அக்கா?"

"ரெண்டும் போச்சுன்னார். வாரத்துக்கு ரெண்டு தடவை மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். அதுவும் எத்தனை நாளைக்கு உடம்பு தாங்கும்னு சொல்ல முடியாதுன்னுட்டார்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. அவர்கிட்டயே பாதிதான் சொல்லியிருக்கேன். அதுக்குத்தானே வீடியோ கேக்குறேன்? அது சொல்லிட்டா, நான் பக்கத்துல உக்காந்து பிள்ளையைப் பிடிச்சுக்குவேன்."

டீச்சர் எழுந்தாள். இட்லிக் கொப்பரையை மேஜைமேல் கவிழ்த்தாள்.

"உங்க போனைக் கொடுங்க."

ஓரம் விரிசல் விட்ட போனைக் கொப்பரையில் சாய்த்து நிறுத்தினாள்.

"நீங்க கேக்குற வீடியோ இல்ல. எடுத்துருவோம். உக்காருங்க."

"நானா? ஐயையோ, தலைகூடச் சீவலை!"

"சீவ வேண்டாம். சொல்லுங்க."

முத்துப்பேச்சி முந்தானையைச் சரிசெய்தாள். தொண்டையைச் செருமினாள்.

"வணக்கம் குட்டீஸ்! இன்னைக்கு நாம பார்க்கப் போறது..."

டீச்சர் நிறுத்தினாள். அழித்தாள்.

"மறுபடி."

"சந்தனா, அப்பாவுக்கு லேசா ஒரு கிட்னிப் பிரச்சினை..."

"லேசாவா?"

அழித்தாள்.

மூன்றாம் தடவை முத்துப்பேச்சி மளமளவென்று சொல்லிவிட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ரத்தம் வடிகட்டப்படுகிறது, கழிவு எப்படிப் பிரிகிறது, எந்தக் குழாய் எங்கே போகிறது, எல்லாம். ஒரு தப்பு இல்லை. எத்தனை வீடியோ பார்த்திருப்பாள்!

"கிட்னி வந்துருச்சு," என்றாள் டீச்சர். "அப்பா எங்க?"

அழித்தாள்.

நாலாம் தடவை முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள், மூடினாள். போன் ஓடிக்கொண்டே இருந்தது. மழைச் சத்தம் மட்டும் பதிந்தது.

டீச்சர் அதையும் அழித்தாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

முத்துப்பேச்சி குடித்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். துடைத்த பிறகு அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. அப்படி ஒரு முகத்தை அவள் பிள்ளை பார்த்ததே கிடையாது.

"ஏட்டி சந்தனா. அந்தக் கல்லை நான்தான் போட்டேன். நீ எழுதினது சரி. அப்பா கால்ல நீ எண்ணுறதும் சரிதான். அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் நின்னுபோச்சுட்டி. இனி வேலை செய்யாது. மெஷின்தான் செய்யுது. எத்தனை நாளைக்குச் செய்யும்னு டாக்டருக்கே தெரியலை. தையில அப்பா அளத்துக்குப் போக மாட்டாரு. எனக்குப் பயமா இருக்கு. உனக்கும் பயமா இருந்தா எங்கிட்ட வந்து சொல்லு. நான் சிரிச்சேன்னா நம்பாத. திரும்பக் கேளு."

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள்.

பிறகு கேட்டாள். "வந்துருச்சா டீச்சர்?"

"வந்துருச்சு அக்கா."

டீச்சர் போனைக் கையில் எடுத்தாள். அதையும் அழித்தாள்.

முத்துப்பேச்சி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"என்ன பண்ணிட்டீங்க டீச்சர்! இதுதானே சரியா வந்துச்சு! இன்னொரு தடவை இதை நான் எந்த வாயால சொல்லுவேன்?"

டீச்சர் நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, போனோடு சேர்த்து அவள் கையில் வைத்தாள்.

"இதே வாயால, பிள்ளை மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு அக்கா. பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள போயிருவீங்க."