மந்திரி தெலமார் வாங்கிய கைதட்டல்

புதுச்சேரியில் நான் படித்த கல்லூரிக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் முதலில் யாரோ ஒருவர் கைதட்டுவது போலக் கேட்கும், பிறகு ஊரே தட்டும். அந்தச் சத்தத்தில் பாடம் நடக்காது, கதைதான் நடக்கும். அப்படிக் கேட்ட ஒன்று இது.

பிரெஞ்சு தேசத்து ராஜா ஒருவரிடம் தெலமார் என்று ஒரு மந்திரி இருந்தார். நாடகம் எழுதிப் பேர் வாங்கி, பிறகு அரசியலுக்கு வந்தவர். அவர் நாடகங்களை அச்சடித்த பசீல், ராஜாவின் தொப்பையைக் கேலி செய்யும் பாட்டு ஒன்றையும் அச்சடித்துவிட்டான். தூக்கு என்று தீர்ப்பாயிற்று.

"மன்னித்து விட்டுவிடுங்கள், மகாராஜா," என்றார் தெலமார்.

"தூக்கில் போட்டே ஆகவேண்டும்!" என்று குதித்தார் மொர்வில் பிரபு. மந்திரி நாற்காலியின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். "இந்த நாடகக்காரர் என்ன பேசினாலும் நான் கைதட்ட மாட்டேன்!"

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. "தெலமார், நாளைக்குச் சபையில் பசீலுக்காகப் பேசும். மொர்வில் கைதட்டினால் பசீல் உமக்கு. இல்லையென்றால் கயிற்றுக்கு."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா தட்டாமல் யாரும் தட்டக்கூடாது. ராஜா தட்டினால் தட்டாமல் இருக்கவும் கூடாது. பிந்தித் தட்டுகிறவன் விசுவாசம் கெட்டவன்.

மறுநாள் அனல் பறக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தெலமார் காகிதம் செய்வது எப்படி என்று ஆரம்பித்தார். கந்தலை ஊறவைப்பது, இடிப்பது, கூழாக்குவது, உலர்த்துவது. பிறகு மை காய்ச்சுவது. நல்ல கோடைக்காலம். சபை சாய்ந்தது. மொர்வில் குறட்டை விட்டார்.

காவலர் நடுவே நின்ற பசீல், "ஐயா, இதற்குத் தூக்கே தேவலை," என்று முனகினான்.

ராஜாவுக்கு நா வறண்டது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் பணியாளைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான். சபை துள்ளி எழுந்து தட்டியது. மொர்வில் கண்ணைக்கூடத் திறக்காமல், "பேஷ்! பேஷ்!" என்று உள்ளங்கை சிவக்கத் தட்டினார்.

தெலமார் பேச்சை நிறுத்திக் குனிந்து வணங்கினார்.

"ஐயோ, நான் தண்ணீர் அல்லவா கேட்டேன்!" என்றார் ராஜா.

"எனக்குத் தெரியும், மகாராஜா. பிரபுவுக்குத்தான் தெரியவில்லை."

"இப்படித் தூங்கவைக்க எங்கேயய்யா கற்றீர்?"

"என் முதல் நாடகத்தில்."

ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். "பசீலைக் கூட்டிக்கொண்டு போம். உமக்கென்ன பரிசு வேண்டும்?"

"அந்தத் தண்ணீரில் பாதி, மகாராஜா. பேசியவன் நான்."

அடுத்த வருஷமே மந்திரி பதவி மொர்வில் கைக்குப் போயிற்று. தெலமார் மறுபடி நாடகம் எழுதினார். பார்க்க அதிகம் பேர் வரவில்லை. பசீல் அத்தனையையும் அச்சடித்தான்.