கீரி மாட்டிய பறக்கும் குழாய்

அல்லிக்குளத்தின் நடுவே ஒரு மண்திட்டு. அங்கே நாமக்கோழி என்ற நீர்ப்பறவை ஆறு முட்டை இட்டிருந்தது. கரையில் கீரி காவல். கீரியே முட்டை தின்னுமே என்று குறுக்கே கேட்காதீர்கள். இந்தக் கீரி வாக்குக் கொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

எதிரி உடும்பு. அது தலைகாட்டினால் நாமக்கோழி கத்தும். உடனே கீரி, ஆமையின் முதுகில் ஏறிக்கொள்ளும். பாதி வழிவரை இரண்டும் ஊர்க்கதை பேசும். அல்லிக்கொடியைத் தாண்டினால், உடும்புக்குக் கேட்டுவிடும் என்று மூச்சுக் காட்டாது. ஒன்பது மழைக்காலம் இப்படியே போனது. கீரியின் நகம் பதிந்து ஆமையின் ஓட்டில் நான்கு குழி விழுந்திருந்தது.

போன வாரம் ஆமை போய்ச் சேருவதற்குள் ஒரு முட்டை போய்விட்டது. நாமக்கோழி மூன்று நாள் அழுதது.

மரங்கொத்தி இரண்டு மூங்கில் குழாயோடு கீரியிடம் வந்தது. உள்ளே சூடான புகை பீச்சும் வண்டுகள்.

"தளபதி! இதைக் கைகளில் மாட்டித் தட்டினால் விருட்டென்று பறக்கலாம். நூறு எண்ணும்வரை தாங்கும்!"

"நூற்றொன்றில்?" என்றது ஆமை.

"அதற்குள் சண்டையே முடிந்துவிடும்!"

"இரண்டு கையும் குழாயில் இருந்தால் உடும்பை எதால் அமுக்குவான்?"

"நான் பறக்கும்போது என் கால் சும்மாதானே இருக்கிறது!"

"நீ காலால் பிடிக்கிறவள். இவன் கையால் பிடிக்கிறவன்."

"உனக்குப் பொறாமை அக்கா!" என்றது கீரி. ஆமை தண்ணீருக்குள் போய்விட்டது.

கீரி பறந்து காட்டியது. குளமே கூடி நின்று நூறுவரை எண்ணியது. "இனி ஆற்றையே பிடிக்கலாம்!" என்று அணில்கள் குதித்தன. கீரிக்கு மட்டும் காலுக்கடியில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. மேலே ஊர்க்கதை பேச யார் இருக்கிறார்கள்?

மறுநாளே நாமக்கோழி கத்தியது. கீரி பறந்தது. புர்ர்ர்ர் என்று காடே அதிர்ந்தது. உடும்புக்கு மட்டும் காது இல்லையா என்ன? கோரைப் புல்லுக்குள் பதுங்கிக்கொண்டு கேலி செய்தது.

"வாங்க தளபதி! கையை எடுத்தால் விழுவீர்களாமே? நான் எண்ணட்டுமா? தொண்ணூற்றேழு... தொண்ணூற்றெட்டு..."

நூறு. வண்டுகள் ஓய்ந்தன. கீரி கொடிக்கு அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. குழாய்களில் தண்ணீர் ஏறிக் கீழே இழுத்தது. கைகளை உருவிக்கொண்டு துழாவியது. விரலில் நான்கு குழி தட்டுப்பட்டது.

பழைய இடம்!

தலை வெளியே வந்ததும், "அக்கா, நான் உன்னை..." என்று தொடங்கியது.

"பேசாதே. கொடி தாண்டியாச்சு."

சத்தம் நின்றதால் ஆள் முடிந்தான் என்று உடும்பு நினைத்தது. நிதானமாகக் கூட்டுக்குள் தலையை நீட்டியது. பின்னால் யாரும் வந்த சத்தமே இல்லை. சும்மா இருந்த கீரியின் இரண்டு கையும் அதன் இடுப்பை அமுக்கின! பல் வாலில் இறங்கியது. பாதி வாலை விட்டுவிட்டு ஓடிய உடும்பு திரும்பி வரவேயில்லை.

ஐந்து முட்டையும் பிழைத்தன. ஆமை மூழ்கி எடுத்துவந்த குழாய்களை அணில்கள் வாங்கிக்கொண்டன. வெள்ளம் வந்தால் பறந்துபோய்ச் சேதி சொல்ல நூறு எண்ணிக்கை தாராளம்.

திரும்பும் வழியில் கீரி, "அக்கா, முதல் மழைக்காலத்தில் நாம் வழி தவறினோமே, அதைச் சொல்லேன்," என்றது.

"கொடி தாண்டட்டும், சொல்கிறேன்."

எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதைவிட, போய்ச் சேர்ந்த இடத்தில் வேலை செய்யக் கை இருக்கிறதா என்று பார்த்துக் கிளம்புவதே புத்திசாலித்தனம்.