பத்தாயிரத்து ஏழு இலை

சித்தனூர் ராஜாவின் கணிதப் பண்டிதர் விருபாட்சருக்கு ஒரு விருந்தில் நுனி இலை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இலை போடும் பொன்னுருவிமேல் அவருக்குக் கறுவல்.

அடுத்த விருந்துக்கு ஆள்கணக்குச் சொல்லும் பொறுப்பு பண்டிதருக்கு வந்தது. "பத்தாயிரத்து ஏழு பேர். எல்லா வரிசையிலும் இலை சமமாக இருக்க வேண்டும். ஓர் இலை கூடினாலும் குறைந்தாலும் இவள் ஊரைவிட்டுப் போகட்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மந்திரி பத்துப் பத்தாகப் பிரித்துப் பார்த்தார், ஏழு மிஞ்சியது. மும்மூன்றாகப் பிரித்தார், இரண்டு மிஞ்சியது. தளபதி பதிமூன்று பதிமூன்றாகப் பிரித்தார், பத்து மிஞ்சியது. ராஜாவுக்குத் தலை சுற்றியது.

"என்னய்யா எண் இது, எதற்கும் மடங்க மாட்டேன் என்கிறதே?"

அது வேறெந்த எண்ணாலும் வகுபடாத பகா எண் என்று பண்டிதருக்கு மட்டும் தெரியும். மீசையைத் தடவிக்கொண்டார்.

பொன்னுருவி அரண்மனை வாசலில் முதல் இலையைப் போட்டாள். அதன் பக்கத்தில் அடுத்தது. தெரு தாண்டி, ஏரிக்கரை தாண்டி, ஒரே வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள்.

"ஒரே வரிசை எதற்கடி சமம்?" என்று கத்தினார் பண்டிதர்.

"இதைவிடக் கூடின வரிசையோ குறைந்த வரிசையோ இருந்தால் காட்டுங்கள் சாமி. இப்போதே ஊரைவிட்டுப் போகிறேன்."

பண்டிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். ராஜாவுக்கு அது சரியா தப்பா என்றே புரியவில்லை. பசி வேறு. "எல்லாரும் உட்காருங்கள்" என்றார்.

ஆள்கணக்குச் சொன்னவர் கடைசி இலையில் உட்கார வேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம். பண்டிதர் நடந்து போய்ச் சேர்ந்தபோது பக்கத்து ஊரே வந்துவிட்டது. சோறு எங்கே என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்டார்.

"அரண்மனையிலிருந்து கிளம்பிவிட்டதாம்" என்றார் அவர்.

இலை என்னவோ நுனி இலைதான்.