பதினோரு மணிக்குப் பூசணிப் பூ

“பூவெல்லாம் சுருங்கிக் கிடக்கு. தண்ணி விடாமத் தூங்கினியாடா? நாளையிலேருந்து வேலைக்கு வராதே” என்று பூசணித் தோட்டத்தில் கத்தினார் முதலாளி சிங்காரவேலு. மணி பதினொன்று. சிறந்த விவசாயி விருதுக்கு ஆள் பார்க்க வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள்.

திட்டு வாங்கிய தோட்டக்காரன் சன்னாசிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருட்டோடு வந்து கொடி நுனியைக் கிள்ளி, விடிந்ததும் ஆண் பூவைப் பறித்துப் காய் பிடிக்கப் பெண் பூ ஒவ்வொன்றிலும் தடவியவன் அவன்தான். அதையெல்லாம் தன் கையாலேயே செய்வதாக முதலாளி இப்போதுதான் அந்த இருவரிடமும் அளந்துவிட்டிருந்தார்.

“காலையில மொதலாளி தடவினப்போ எல்லாம் நல்லா விரிஞ்சுதாங்க இருந்துச்சு” என்றான் சன்னாசி. “எத்தனை மணிக்குத் தடவினீங்க மொதலாளி?”

“பத்து மணிக்கு.”

வந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பூசணிப் பூ அதுக்குள்ள மூடிக்குமே சார்.”

 “நாளைக்கு விடியக்காலம் வாங்க, தடவிக் காட்டுறேன்” என்று சமாளித்தார் முதலாளி. சன்னாசியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “நாளைக்கும் வேலைக்கு வாடா. வந்ததும் என்னை எழுப்பி விட்டுடு” என்றார்.

மறுநாள் விடியலில் விருதுக்காரர்கள் இருவரும் வந்துவிட்டார்கள். தோட்டம் முழுக்க மஞ்சளாக விரிந்திருந்தது. தோட்டத்தை ஒட்டிய முதலாளியின் பங்களா ஜன்னல் வழியே குறட்டை கேட்டது. சன்னாசி கொட்டாவி விட்டுக்கொண்டே ஓர் ஆண் பூவைப் பறித்துத் தன் வேலையைப் பார்த்தான். முதலாளியை எழுப்பவில்லை.