பாம்புக் காது

“எனக்கு யாரும் சொல்லவே இல்லை!”

“சொன்னேனே!”

“எனக்கு யாரும் சொல்லவே இல்லை!”

“தொண்டை கிழியக் கத்தினேனே அம்மா! ஒரு தடவை இல்லை, மூன்று தடவை! ‘மேல் ஏரி நிரம்பிவிட்டது, குளத்துக்குத் தண்ணீர் வருகிறது, எல்லோரும் மேட்டுக்குப் போங்கள்’ என்று!”

காட்டுக் குளத்தின் கரையில் காலையிலிருந்து இதே சத்தம்தான். ஒரு பக்கம் சாரைப்பாம்பு, ஒரு பக்கம் காகம், நடுவில் சேறு. கரைக்கு அடியில் இருந்த பாம்பின் வளைக்குள் முந்தின நாள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒன்பது முட்டைகளில் நான்கு போய்விட்டன. மிச்சம் ஐந்தையும் பாம்பு ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து, கரையின் பாதி உயரத்தில் ஒரு தாழம்புதருக்கு அடியில் வைத்திருந்தது. மேட்டு உச்சிக்குக் கொண்டுபோனால் பருந்தின் கண்ணில் படும். தண்ணீர் வருகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் அங்கே போக முடியும். வானமோ இன்னும் கறுத்துக் கிடந்தது.

“எங்கே உட்கார்ந்து கத்தினாய்?” என்றது பாம்பு.

“மருத மரத்து உச்சியில். அங்கிருந்து கத்தினால்தான் காடு முழுக்கக் கேட்கும்!”

“காட்டுக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது! தரை அதிர்ந்தால்தான் எனக்குத் தெரியும். தாடையைத் தரையில் வைத்துத்தான் நான் கேட்கிறேன். இப்போது நீ என் பக்கத்தில் தரையில் நின்று குதிக்கிறாய், அதனால் பேசுகிறோம். மரத்து மேலே போய்க் கத்தினால் எல்லாம் காற்றோடு போச்சு!”

“அதை என்னிடம் ஏன் சொல்கிறாய்?” காகம் சலித்துக்கொண்டது. “என் வேலை கூவுவது. யாருக்குக் கூவ வேண்டும் என்று பட்டியல் போட்டது கொக்கு. அவரைப் போய்க் கேள்.”

அந்தப் பட்டியல் வந்த விதம் இதுதான். போன கோடையில் கொக்கு குளத்துக்குத் தலைவர் ஆயிற்று. ஆன கையோடு ஒரு விதி போட்டது. “இனி எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்தி சொல்லக் கூடாது. அவரவருக்குப் பிடித்தபடி சொல்வோம்!” நல்ல யோசனைதான், யார் இல்லை என்றார்கள்? சத்தம் பிடித்தவர்களுக்குக் காகம் கூவும். தண்ணீருக்குள் இருப்பவர்களுக்கு வாத்து சிறகால் அடித்து அலை எழுப்பும். தரையோடு தரையாகக் கிடப்பவர்களுக்கு முயல் பின்னங்காலால் தட்டும். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். யாருக்கு எது பிடிக்கும் என்று கொக்கு போய் ஒரு ஆளைக் கேட்டதா? கேட்கவில்லை. தானே யோசித்தது, தாமரை இலையில் தானே எழுதியது, தானே தலையாட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டுக் கொக்கே வந்து சேர்ந்தது. கரையில் நின்று இலையை விரித்தது.

“இதோ. சாரைப்பாம்பு, காகத்தின் பட்டியல். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?”

“என்னை ஏன் ஐயா அதில் போட்டீர்கள்?”

“என்ன கேள்வி இது! உனக்குப் பாம்புக் காது அல்லவா? யாராவது குசுகுசுவென்று பேசுவதை ஒருவன் கேட்டுவிட்டால், ‘பாம்புக் காதுடா அவனுக்கு!’ என்றுதானே ஊரே சொல்கிறது?”

“ஊர் ஆயிரம் சொல்லும்! என் தலையைப் பாருங்கள். காது எங்கே இருக்கிறது? தொட்டுக் காட்டுங்கள்!”

கொக்கு இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் பார்த்தது. பிறகு இலையைப் பார்த்தது. “அந்த விவரம் இதில் இல்லை,” என்றது.

“பட்டியலை மாற்றுங்கள் என்று மூன்று மாதம் முன்பே கேட்டேனே?”

“கேட்டாய். முடியாது என்றோம். ‘ஆட்சேபம் இருந்தால் மூன்று நாளில் சொல்’ என்று பதிலும் அனுப்பினோம். நீதான் வாயே திறக்கவில்லை. சரி, சம்மதம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.”

“பதிலை யாரிடம் சொல்லி அனுப்பினீர்கள்?”

“வேறு யாரிடம்? விதிப்படி காகத்திடம்தான்.”

“அதையும் மூன்று தடவை கூவினேன்!” என்றது காகம், பெருமையாக.

பாம்பு தலையைத் தரையில் முட்டிக்கொண்டது. வேறு என்ன செய்யும்?

புதருக்குள்ளிருந்து முயல் எட்டிப் பார்த்தது. “ஐயா, வேண்டுமானால் நானே இந்தப் பக்கமும் வந்து இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போகிறேனே! எனக்கு என்ன, கால்தானே?”

“சும்மா இரு! உன் பட்டியலில் அக்கரை எலிகள் இருக்கின்றன. எலிகளோடு பாம்பைச் சேர்த்தால் எலிகள் மனசு என்ன பாடுபடும்?”

“நான் என்ன எலிகளோடு விருந்துக்கா உட்காரப் போகிறேன்?” என்று சீறியது பாம்பு. “இரண்டு தட்டு ஐயா! இரண்டே இரண்டு தட்டு!”

கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. கொக்கு எப்போதுமே அப்படித்தான் நிற்கும். அன்றைக்குப் பிடிவாதத்திலும் அப்படியே நின்றது. “ஆலோசித்துச் சொல்கிறேன்,” என்று பறந்துவிட்டது.

மத்தியானம் மழை கொட்டியது. மேல் ஏரி மறுபடியும் வழிந்தது. காகம் மரத்து உச்சியில் ஏறி மூன்று தடவை கூவியது. வாத்து அலை எழுப்பியது. முயல் அக்கரைக்கு ஓடி எலிகளுக்குத் தட்டியது. விதி என்றால் விதி, ஒரு குறையும் இல்லை! தாழம்புதருக்கு அடியில் ஐந்து முட்டைகளையும் சுற்றிக்கொண்டு பாம்பு படுத்திருந்தது. அதற்கு ஒன்றும் கேட்கவில்லை.

திடீரென்று அதன் தாடை நடுங்கியது. காட்டுப்பன்றிகள்! பத்துப் பதினைந்து பன்றிகள் புதரை ஒட்டித் திடுதிடுவென்று மேட்டுக்கு ஓடின.

“இவ்வளவு கால்கள் ஒரே பக்கமாகச் சும்மாவா ஓடும்?” என்று பாம்பு துள்ளி எழுந்தது. ஒரு முட்டையை உருட்டியது. திரும்பி வந்தது. இன்னொன்று. மறுபடியும் வந்தது. ஐந்தாவதை உருட்டும்போது அதன் வால் தண்ணீரில் இருந்தது. ஆனாலும் ஐந்தும் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலை கொக்கு மேட்டுக்கு வந்தது. பாம்பைப் பார்த்ததும் அதற்கு ஒரே பூரிப்பு.

“பார்த்தீர்களா! காகம் கூவியது, பாம்பு மேட்டுக்கு வந்துவிட்டது! என் விதி எவ்வளவு அழகாக வேலை செய்கிறது!” என்று சொல்லி, இலையில் எழுதிக்கொண்டது: ‘சாரைப்பாம்பு. செய்தி கிடைத்தது. திருப்தி.’

“ஐயோ, கிடைக்கவில்லை ஐயா! பன்றி ஓடியது, பிழைத்தேன். நாளைக்குப் பன்றி வேறு பக்கம் ஓடினால் இந்த ஐந்தும் போய்விடுமே! என் பெயரை முயலின் பட்டியலில் எழுதுங்கள். ஒரே ஒரு வரி!”

கொக்கு அதற்குள் மருத மரத்து உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. அதன் அலகு அசைந்தது போலிருந்தது.

“கீழே இறங்கி வந்து சொல்லுங்களேன் ஐயா!” என்றது பாம்பு, தாடையைத் தரையில் வைத்துக்கொண்டு.

யாரும் இறங்கவில்லை.

அவரவருக்குப் பிடித்தபடி என்று விதி போடுகிறவர் அவரவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்காவிட்டால், அது தனக்குப் பிடித்தபடி போட்டுக்கொண்ட விதிதான்.