சந்தனம் வைத்த குச்சி

"என் கம்ப்யூட்டரை மருமக ஏதோ பண்ணிட்டா" என்றாள் செண்பகவல்லி.

குருவம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

குருவம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து. சிஷ்யைக்கு அறுபத்திரண்டு. இதில் செண்பகவல்லிக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு.

"என்ன பண்ணினா?"

"மவுஸை ஆட்டினா அம்பு நகரல. கீபோர்டுல தட்டினா எழுத்து வரல. ரெண்டுமே வயர் இல்லாதது. பேட்டரி மாத்திப் பாத்தாச்சு. அணைச்சுப் போட்டாச்சு. மவுஸைக் கவுத்துப் போட்டுக்கூடத் தட்டியாச்சு. வேற யாரு பண்ணியிருப்பா?"

"அவ ஏன் பண்ணணும்?"

"கப்பல்ல இருக்கற பிள்ளைக்கு நான் கடிதம் எழுதறது பிடிக்கல."

"என்ன கடிதம்?"

"இவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடறேன்னு. ரூம் கதவைச் சாத்திக்கிட்டு யாரோடயோ பேசறா. சிரிக்கறா. வேற யாரைப் பத்திச் சிரிப்பா? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே அனுப்பிடறேன்."

"எழுத்துதான் வரலையே. கடிதம் எப்படி எழுதினீங்க?"

"வராட்டி என்ன, உள்ள எங்கயாவது போய்ச் சேரும்னு தினம் முழுசா அடிச்சுடறேன்."

குருவம்மாவின் கத்தி ஒரு நொடி நின்றது.

"எப்பலேருந்து வரல?"

"ஆயுத பூஜைலேருந்து. அன்னிக்கு அவ சும்மா நின்னா. எல்லாத்தையும் துடைச்சது நான். கீபோர்டு, மவுஸ், கம்ப்யூட்டர் பின்னாடி செருகியிருந்த நகத்தளவு குச்சி, அவளோட ஆபீஸ் லேப்டாப், அரிவாள்மனை, எல்லாத்துக்கும் சந்தனம் வச்சதும் நான். மறுநாள் அததோட இடத்துல திருப்பி வச்சதும் நான்."

குருவம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

குருவம்மாவும் மருமகள் பக்கம்தானோ என்ற சந்தேகம் செண்பகவல்லிக்கு ஆட்டோவிலேயே வந்துவிட்டது.

வீட்டில் மருமகள் இந்துஜாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"பாத்தீங்களா" என்றாள் செண்பகவல்லி.

"கடிதத்தை அடிங்க."

"வராதுன்னுதானே சொல்றேன்."

"அடிங்க."

செண்பகவல்லி தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பாள். ஒற்றை விரல். 'பிரசன்னா, உன் பெண்டாட்டிக்கு என்மேல் துளி மரியாதை இல்லை.'

திரை வெள்ளையாகவே இருந்தது.

கதவு திறந்தது. லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு இந்துஜா வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மறுபடியும் வந்துடுச்சு, அத்தை."

லேப்டாப் திரையில் அதே வரி. ஒரு எழுத்து குறையவில்லை.

"மூணு நாளா வருது. எப்படி அனுப்பறீங்கன்னு தெரியல. நேத்து மீட்டிங்ல பதினெட்டுப் பேர் படிச்சாங்க. எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாம். பெட்டி கட்டிட்டேன்."

செண்பகவல்லியின் பார்வை லேப்டாப்பின் ஓரத்தில் நின்றுவிட்டது. நகத்தளவு குச்சி. அதன்மேல் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

குருவம்மா இந்துஜாவிடம் கேட்டார்:

"அவங்க கீபோர்டுல அடிக்கறதை வாங்கற குச்சி இது. இதை நீ பாக்கலையா?"

"பூஜைக்கு மறுநாளே பாத்தேன்."

"ஏன் எடுக்கல?"

"அத்தை சந்தனம் வச்சுச் செருகினது. எடுத்தா அவங்க மனசு சங்கடப்படும்னு விட்டுட்டேன்."

சமையலறையில் ஃப்ரிட்ஜ் மட்டும் முனகியது.

குருவம்மா செண்பகவல்லியின் பக்கம் திரும்பினார்.

"சரின்னு ஒரு வார்த்தை கேட்டீங்களே. சொல்லட்டுமா?"

செண்பகவல்லி கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள். அழிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தாள். இந்துஜாவின் கையில் இருந்த திரையில் எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. மரியாதை போயிற்று. பெண்டாட்டி போயிற்று. பிரசன்னாவும் போனான்.

பிறகு ஒற்றை விரலால், நிமிராமல், அடித்தாள்.

இந்துஜாவின் திரையில் வந்தது:

'பெட்டியைப் பிரி.'