கொட்டிய இடத்தில் ஐஸ்கட்டி

2019-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. முந்தைய இரவு பெய்த மழை விடியலில் ஓய்ந்திருந்தது. வெயில், வரலாமா வேண்டாமா என்று மேகத்துக்குப் பின்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. ஏரிக்கரைச் சேறு, செருப்பை வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தந்தது. குளவிகள் கோபம் கொள்ளும் நாள் அது என்று பின்னர்ப் பலர் சொன்னார்கள். முன்னர் ஒருவரும் சொல்லவில்லை.

ஊரின் பெயர் மதிகொண்டான். காரணம் பற்றி வழங்குவது காரணப்பெயர். காரணம் ஏதுமின்றி வழங்குவது இடுகுறிப்பெயர். மதிகொண்டான் என்பது இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அவ்வூர் ஏரிப் பாசனச் சங்கத்தில் நால்வர் இருந்தனர். தலைவர் ஏகாம்பரம், எதையும் ஆராயாமல் செய்யாதவர். ஆராய்ந்த பிறகாவது செய்யாமல் இருக்கக்கூடாதா என்று ஊரார் ஏங்கும்படி செய்பவர். செயலாளர் கோதண்டம், கைப்பேசி வைத்திருந்தமையால் செயலாளர் ஆனவர். பொருளாளர் சடையாண்டி, ஓடு என்றால் ஓடுவார். எங்கே என்று கேட்பதற்காக நிற்கமாட்டார். இம்மூவரும் பதவி வகித்தமையால், வேலை செய்வதற்கு ஒருவர் தேவைப்பட்டார். அவர் சிகாமணி. ஏகாம்பரத்தின் தங்கை பச்சையம்மாளுக்குக் கணவர்.

மழைக்காலம் தொடங்கிவிட்டதால் ஏரி மதகைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. மதகின் வளைவில் பலாப்பழம் அளவுக்கு ஒரு குளவிக்கூடு தொங்கியது. கோதண்டம் ஏரிப் பொறியாளருக்குப் போன் செய்தார். அவர், கூட்டைக் கலைக்கக் கூடாது என்றும், தீயணைப்பு நிலையத்துக்குத் தாமே சொல்லி அனுப்புவதாகவும் கூறிவிட்டு வைத்துவிட்டார்.

ஏகாம்பரம் ஆராய்ந்தார். "கலைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு. நகர்த்தக் கூடாதுன்னு சொல்லலையே."

"கலைக்காம எப்படி நகர்த்தறது மச்சான்?" என்றார் சிகாமணி.

"குழந்தையத் தூளியிலேர்ந்து தூக்கற மாதிரி, மாப்ளே. முழிக்காம தூக்கணும்."

சிகாமணி ஒரு சாக்கை விரித்துக்கொண்டு, கூட்டை இரு கைகளாலும் அணைத்து, மிகுந்த அன்போடு தூக்கப் பார்த்தார். கூடு கலையவில்லை. அந்த அளவில் பொறியாளரின் கட்டளை நிறைவேறியது. உள்ளே இருந்தவைதாம் கலைந்தன. பதவி வகித்த மூவரும் ஏரிக்குள் குதித்தனர். சிகாமணியின் கழுத்தில் ஒன்றும் கன்னத்தில் ஒன்றுமாகக் குளவிகள் கொட்டிவிட்டு, கூட்டை அதன் பழைய இடத்திலேயே விட்டுவிட்ட அவரது நாகரிகத்தை மதித்துத் திரும்பிப் போயின.

வேறொருவராயிருந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். சிகாமணியின் உடல்வாகு அப்படிப்பட்டதன்று. சித்திரை மாதம் ஒரு குளவி முழங்கையில் கொட்டியதற்கே உடம்பெங்கும் தடித்துப்போயிருந்தது. துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர் அப்போதே எச்சரித்திருந்தார்: சிலர் உடம்புக்கு அந்த விஷம் ஒத்துக்கொள்ளாது, மறுபடி கொட்டினால் தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிரே போகலாம், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் தமக்குப் போன் செய்ய வேண்டும்.

இப்போது பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்த சிகாமணி, உள்ளங்கை முதல் உச்சந்தலை வரை அரிக்கிறது என்றார். பிறகு தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தொண்டையைத் தடவிக்கொண்டார். ஏகாம்பரத்தின் முகம் வெளுத்தது.

"பச்சையம்மா கேட்டா நான் என்னா பதில் சொல்லுவேன்?"

"இன்னும் அது கேக்கவே இல்லியே தலைவரே," என்று தேற்றினார் சடையாண்டி. "கேட்ட பொறவு யோசிக்கலாம்."

கோதண்டம் நர்ஸ் எஸ்தருக்குப் போன் செய்தார். எஸ்தர் ஆம்புலன்சுக்கு மற்றொரு பேசியில் தகவல் சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று கூறி, முதல் கேள்வியைக் கேட்டார்.

"அவருக்கு மூச்சு வாங்குதா?"

கோதண்டம் பேசியைக் கையால் பொத்திக்கொண்டார். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை.

"மூச்சு வாங்குதான்னு கேக்கறாங்க தலைவரே."

"வாங்காம எப்படி உக்காந்திருப்பாரு?"

"வாங்கறதை மட்டுந்தான் கேட்டாங்க. விடறதையும் சேத்துச் சொல்லிடட்டுமா?"

"சொல்லிடு. பாதி கணக்கு சொன்னா பின்னால தப்பாயிடும்."

கோதண்டம் கையை எடுத்தார். "வாங்குறாரு நர்ஸம்மா. வாங்கின கையோட விட்டுடுறாரு. உள்ள எதையும் வெச்சுக்கல."

சிக்னல் போய்விட்டது என்றார் சடையாண்டி. சிக்னல் போகவில்லை. பிறகு எஸ்தர், அவரைச் சுற்றிக் கூட்டம் போட வேண்டாம், காற்று வரட்டும் என்றார். இது சங்கத்தைச் சற்றுப் புண்படுத்தியது. முன்னறிவிப்பு இல்லாமல் தாம் ஒருநாளும் கூட்டம் போட்டதில்லை என்றும், இப்போது நடப்பது வெறும் பேச்சுவார்த்தைதான் என்றும் ஏகாம்பரம் விளக்கம் அளித்தார். எஸ்தர் அடுத்ததைச் சொன்னார்.

"கொட்டின இடத்துல ஐஸ் வைங்க. துணியில சுத்தி வைங்க."

சடையாண்டி அதற்குள் ஓடிவிட்டிருந்தார். இம்முறை நல்லூழாக, ஏரிக்கோடியில் இருந்த மீன் கடையின் திசையிலேயே ஓடினார். ஒரு பாளம் ஐஸைத் தம் துண்டில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் மீன் தண்ணீர் வழிய வந்து நின்றார்.

"எங்க வைக்கறது?"

"கொட்டின இடத்துல," என்றார் கோதண்டம்.

சடையாண்டி சிகாமணியை நெருங்கினார். ஏகாம்பரம் தடுத்தார். "இது பனைமரத்தடி. இங்க எதுவும் கொட்டல. கொட்டின இடம் மதகு."

"மதகு பெருசாச்சே தலைவரே. எந்தப் பக்கம்னு தெரிய வேணாமா?"

கொட்டு வாங்கியவரைக் கேட்பதே முறை என்று முடிவாயிற்று. சிகாமணி பேச முயன்றார். நாக்குத் தடித்துவிட்டதால், சொல்ல வந்த சொல்லில் உயிரெழுத்துகள் மட்டும் வெளியே வந்தன. மெய்யெழுத்துகள் தொண்டையிலேயே நின்றுவிட்டன. உயிர் வெளியே வருகிறது என்பது கேட்பதற்கே நன்றாயில்லை. அவர் பேச்சை விட்டுவிட்டு, விரலால் தம் கழுத்தைக் குத்திக் குத்திக் காட்டினார்.

"கழுத்தைக் காட்டறாரு," என்றார் கோதண்டம்.

"கழுத்தளவுன்னு சொல்றாரு," என்றார் ஏகாம்பரம். "மதகுல கழுத்தளவு உயரத்துல வையுங்கறாரு. இந்த நிலைமையிலயும் மனுசன் எவ்வளவு கணக்கா சொல்றாரு பாரு."

சடையாண்டி மதகுக்குப் போய், சுவரோடு ஒட்டி நின்று உயரம் பார்த்து, தம் கழுத்துக்கு நேராக இருந்த கல்லிடுக்கில், கூட்டுக்கு ஒரு சாண் அருகில், ஐஸ் பாளத்தைத் துண்டோடு பொருத்தி வைத்தார். குளவிகள் அவரை ஒன்றும் செய்யவில்லை. இவரைக் கொட்டி என்ன ஆகப்போகிறது என்று எண்ணியிருக்கலாம்.

ஐஸ் வைத்தாயிற்று என்று கோதண்டம் தெரிவித்தார். எஸ்தர் மகிழ்ந்து, இப்போது அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இடம் நன்றாகக் குளிர்ந்துவிட்டது என்றும், அவருக்குத்தான் தலை சுற்றுகிறதாம், உட்கார்ந்திருந்தவர் சாய்கிறார் என்றும் கோதண்டம் கூறினார். எஸ்தரின் குரல் மாறியது.

"உடனே படுக்க வெச்சுக் காலைத் தூக்கி வைங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இறக்காதீங்க."

சிகாமணியைப் படுக்க வைத்துக் கால்களை ஒரு கல்லின் மேல் தூக்கி வைத்தனர். இது சரியாகவே நடந்தது. அத்தோடு நின்றிருக்கலாம்.

"நம்ம காலு?" என்றார் சடையாண்டி.

"நமக்குமா சொன்னாங்க?" என்று கோதண்டம் ஐயுற்றார்.

ஏகாம்பரம் தீர விசாரித்தார். "'வைங்க'ன்னுதானே சொல்லிச்சு? ஒருத்தருக்கு மட்டும்னா 'வை'ன்னு சொல்லியிருக்கும். 'வைங்க'ன்னா எல்லாரும்."

மரியாதைப் பன்மை என்று ஒன்று உண்டு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அவ்விடத்தில் ஒருவரும் இலர். மூவரும் ஈரப்புல்லில் வரிசையாகப் படுத்து, கால்களை வானை நோக்கி உயர்த்தினர். பேசி புல்லில் கிடந்து, "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டது. அதை எடுக்க வேண்டுமானால் காலை இறக்க வேண்டும். எனவே யாரும் எடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து மருத்துவ உதவியாளரான ஒரு பெண் குதித்து இறங்கி, கரையோரம் நின்ற பாதங்களைக் கண்டு திகைத்தார்.

"எத்தனை பேரைக் கொட்டுச்சு?"

"ஒருத்தரைத்தாம்மா. எங்க மாப்ளே சிகாமணியை," என்றார் ஏகாம்பரம், காலை இறக்காமலே.

"இதுல சிகாமணி யாரு?"

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் சிகாமணியின் கன்னங்கள் இரண்டும் பூரி போல் உப்பி, உதடுகள் தடித்து, கண்கள் இரண்டு கீறல்களாகிவிட்டிருந்தன. ஏகாம்பரம் அம்முகத்தை நெடுநேரம் ஆராய்ந்தார்.

"இவரு இல்லீங்க," என்றார்.

"பின்ன இவரு யாரு?"

"தெரியலீங்க. வெளியூர்க்காரர் போல இருக்குது. நாங்க படுத்திருக்கறதைப் பாத்து வந்து படுத்திருக்காரு."

அப்பெண் அவரைப் பொருட்படுத்தாமல் ஊசியில் மருந்தை ஏற்றினார். ஏகாம்பரம் காலை இறக்கிவிட்டு எழுந்தோடி, சிகாமணியின் தொடையை இரு கைகளாலும் மறைத்துக்கொண்டார். அவர் கண்களில் நீர் தளும்பியது.

"அம்மா, கும்புடறேன். அது என் மாப்ளைக்குன்னு வந்த ஊசி. என் தங்கச்சி தாலி அதுல இருக்குது. வேத்தாளுக்குப் போட்டுட்டா மாப்ளே வந்து கேக்கும்போது நான் எங்க போவேன்?"

அவரை விலக்க ஓட்டுநர் ஓடிவந்தார். அதற்குள், கல்லின் மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த கால்களுள் ஒன்று, அவ்வுடலில் எஞ்சியிருந்த வலிமை முழுவதையும் திரட்டிக்கொண்டு, ஏகாம்பரத்தின் நெஞ்சில் இறங்கியது. அவர் புல்லில் உருண்டார். ஊசி தொடையில் ஏறியது.

உருண்ட ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் பேரானந்தம். "எங்க மாப்ளேதான்," என்றார். "இந்த உதையைப் பொங்கலுக்குப் பொங்கல் வாங்கறவன் நானு. எனக்குத் தெரியாதா?"

மருந்து வேலை செய்தது. மூக்கில் பிராணவாயுக் குழாயோடு வண்டியில் கிடந்த சிகாமணிக்கு, சாலைத் திருப்பம் வருவதற்குள் மூச்சு சீராயிற்று. மெய்யெழுத்துகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவை முழுமையாகத் திரும்பியதும் அவர் கூறிய முதற்சொல் "மடப்பசங்களா" என்பது. பிழையில்லாமல் சொன்னார் என்று உடன் ஏறியிருந்த மூவரும் மகிழ்ந்தனர்.

அன்றிரவு அரசு மருத்துவமனையில் வைத்திருந்து பார்த்துவிட்டு, மறுநாள் அனுப்பினார்கள். இனிக் கையோடு வைத்திருக்க வேண்டிய ஊசியையும், அதைப் போடும் முறையையும் மருத்துவர் பச்சையம்மாளுக்கே சொல்லிக்கொடுத்தார். மூவரும் அப்போது வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். ஆனால் புறப்படும் நேரத்தில், போகிற போக்கில், மருத்துவர் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை இவரைக் குளவி கொட்டவே கூடாது. சொல்ல வேண்டியவங்ககிட்ட எல்லாம் சொல்லி வைங்க."

சங்கம் இம்முறை முன்னறிவிப்போடு கூடியது. சொல்ல வேண்டியவர் யார் என்பதே பொருள்.

"கொட்டறது யாரு? குளவி," என்றார் ஏகாம்பரம். "அப்ப யாருகிட்ட சொல்லணும்? ஊர்ல இருக்கறவங்ககிட்ட சொல்லி என்னா பிரயோசனம்? ஊர்ல எவன் கொட்டறான்?"

மறுப்பாரில்லை. மதகுக்கு எதிரே ஒரு கம்பு நட்டுப் பலகை வைப்பது என்று தீர்மானமாயிற்று. வாசகத்தில் 'கொட்டாதே' என்று எழுதுவதா, 'கொட்டாதீர்கள்' என்று எழுதுவதா என்பதில் நெடிய விவாதம் நடந்தது. பூச்சிதானே என்றார் சடையாண்டி. அவர்கள் வீட்டு வாசலிலேயே போய் வைக்கிறோம், மரியாதையாக எழுதுவதுதான் நமக்கு அழகு என்றார் கோதண்டம். 'இப்படத்தில் உள்ளவரைத் தயவுசெய்து கொட்டாதீர்கள்' என்று எழுதினார்கள்.

படத்துக்காகப் பச்சையம்மாள், சிகாமணியின் திருமணப் படத்தைக் கொண்டுவந்தாள். இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லியும் பார்த்தாள். ஏகாம்பரம் படத்தை மட்டும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல கொட்டின அடையாளமே இல்லியே தங்கச்சி. இதைப் பாத்தா, இன்னும் கொட்டாத ஆளுன்னு அதுங்க நெனச்சுக்கும்."

ஆம்புலன்சில் ஏற்றும்போது கோதண்டம் எடுத்து வைத்திருந்த படம், அதாவது கன்னங்கள் உப்பி, கண்கள் கீறலாகிக் கிடந்த படம், பெரிதாக்கப்பட்டுப் பலகையில் ஒட்டப்பட்டது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடுத்த வாரம் தீயணைப்பு நிலையத்தார் வந்து, பலகையைப் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கூட்டை அகற்றிச் சென்றனர். சிகாமணியை அதன்பிறகு எந்தக் குளவியும் கொட்டவில்லை. பலகை பலன் தந்தது என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது.

சிகாமணிக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. வீக்கம் முற்றிலும் வடிந்துவிட்டதால், பலகையில் இருப்பவர் அவர்தாம் என்று குளவிகள் எப்படி அறியும்? எனவே மதகைக் கடக்கும்போதெல்லாம் அவர் கன்னங்களை நன்றாக உப்பிக்கொண்டு, கண்களை இடுக்கிக்கொண்டு நடக்கிறார். உடன் செல்லும் மூவரும், தாங்கள் அவரோடு வந்தவர்கள் என்று தெரிவதற்காக, ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் உப்பிக்கொள்கின்றனர்.